தரங்கம்பாடியும் கோபன்ஹேகனும்

(பெங்களூர் மர்பி டவுனில் நடைபெற்ற உறுப்பினர்கள் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்ணும் மாப்பிள்ளையும் டென்மார்க்கில் இருப்பதால், 2019-ல் நானும் என் மனைவியும் மூன்று மாதம் கோபன்ஹேகனில் தங்கிவிட்டு வந்தோம். அந்த ஊரைப் பற்றிப் பேசும்படி நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசுகிறேன். ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளேயே சுற்றும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காபி வருவதற்குள் முடித்துவிடுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

முதலில் ஒரு கேள்வி. இங்கே அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். திருக்கடையூர் போகாதவர்கள் யாராவது உண்டா? ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. சரி, அங்கிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மூன்று கைகள். அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. அதுவும் 2023-ல்தான் போனேன்.

என் சஷ்டியப்தபூர்த்தி 2013-ல் திருக்கடையூரில் நடந்தது. அபிஷேகம், கலசம், மறுபடியும் மாங்கல்யதாரணம், உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு எல்லாம் முடிந்து மாலையில் வேனில் ஏறி மாயவரத்தில் ரயிலைப் பிடித்தோம். என் தகப்பனார் வழிப் பாட்டிக்குப் பிறந்தகம் பொறையாறு. "தரங்கம்பாடிக் கடலில் ஸ்நானம் பண்ணினோம்" என்று அவர் சொல்லச் சொல்லச் சிறு வயதில் கேட்டவன் நான். பொறையாற்றுக்குப் பக்கத்து ஊர் அது. அப்படியிருந்தும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

கோபன்ஹேகனில் என் பெண் இருக்கும் கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு வயதான டேனிஷ்காரர் இருக்கிறார். ஒருநாள் படிக்கட்டில் சந்தித்தபோது, எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர் என்றேன், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் டிராங்கேபார் உங்களுக்கு அருகில்தானே! அந்தக் கோட்டையின் வாசல் கதவு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். டிராங்கேபார் என்றால் தரங்கம்பாடி. பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதோ மழுப்பினேன். படி ஏறி வந்து என் மனைவியிடம் சொன்னபோது, "பத்து மைல் கூட இல்லாத ஊரைப் பற்றி இத்தனை ஆயிரம் மைல் வந்து வெட்கப்பட வேண்டியிருக்கு" என்றாள். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம்.

நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் பேட்டையையே பாருங்கள். முன்னே நாக்ஸ்பேட்டை. பிறகு கண்டோன்மெண்ட் நிர்வாகத்தில் இருந்த மர்பி என்ற எஞ்சினீயரின் பெயரால் மர்பி டவுன். மர்பி என்பது அயர்லாந்துக் குடும்பப் பெயர். இந்தப் பக்கம் காக்ஸ், அந்தப் பக்கம் பிரேசர், கொஞ்சம் தள்ளி ரிச்சர்ட்ஸ். வடக்குச் சமுத்திரத்துக்காரர்களின் பெயர்களை விலாசத்தில் எழுதிக்கொண்டு, அவர்கள் யார் என்று கேட்காமலே நாம் அறுபது, எழுபது வருஷம் வாழ்ந்துவிடுகிறோம். தரங்கம்பாடியிலும் ராஜா வீதி, ராணி வீதி உண்டு. அந்த ராஜா தஞ்சாவூர் ராஜா இல்லை, டென்மார்க் ராஜா.

அந்த ராஜாவின் பெயர் நான்காம் கிறிஸ்டியன். 1588 முதல் 1648 வரை அறுபது வருஷம் சிம்மாசனத்தில் இருந்தவர். கோபன்ஹேகன் என்ற சொல்லுக்கே வணிகர்களின் துறைமுகம் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் இருந்தால் 'பட்டினம்' என்று முடியும் ஒரு பெயர் வைத்திருப்போம். 1167 வாக்கில் அப்சலோன் என்ற பிஷப் ஒரு கோட்டை கட்டியதிலிருந்து ஊரின் சரித்திரத்தை ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இன்று நாம் போய் அண்ணாந்து பார்க்கும் பழைய கோபன்ஹேகனில் பாதி கிறிஸ்டியன் ராஜா கட்டியதுதான். ரோஸன்போர்க் அரண்மனை அவருடையது. ராஜகிரீடங்கள், வெள்ளியில் செய்த ஆளுயரச் சிங்கங்கள் மூன்று, எல்லாம் அங்கே இருக்கின்றன. வட்டக் கோபுரம் என்று ஒன்று, 1642-ல் முடிந்தது. அதில் உச்சி வரைக்கும் படிக்கட்டே கிடையாது, ஏறக்குறைய கடைசி வரை சாய்தளமாகவே சுற்றிச் சுற்றி 209 மீட்டர் ஏற வேண்டும். ரஷ்யாவின் பீட்டர் சக்கரவர்த்தி 1716-ல் குதிரையில் ஏறினாராம். என் மூட்டுவலிக்கு அந்தச் சாய்தளம் ஒரு வரப்பிரசாதம். நம் மலைக்கோட்டைக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ராஜாவுக்கு ஒரு குறை. டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மிளகிலே கொழிக்கிறார்கள், நாம் குளிரில் உட்கார்ந்திருக்கிறோமே என்று. 1616-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். 1618-ல் ஓவே கியெத்தே என்ற 23 வயதுப் பிள்ளையைத் தளபதியாக்கிக் கப்பல்களை அனுப்பினார். ஒன்றரை வருஷம் கடலில். போகும் வழியிலேயே பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் செத்துப்போனார்கள். முதலில் இலங்கையில் கண்டி ராஜ்ஜியத்தோடு ஏற்பாடு செய்யப் பார்த்து, அது சரிப்படவில்லை. இதற்குள் முன்னோடியாக வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர்கள் தாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய கிராப்பே என்பவர் கரையேறி, தஞ்சாவூர் தர்பாருக்குப் போய்ச் சேர்ந்தார். கப்பல் மூழ்கியதுதான் அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் அப்போது ரகுநாத நாயக்கர். நம் கோவிந்த தீக்ஷிதர் மூன்று தலைமுறை நாயக்கர்களுக்கு மந்திரியாக இருந்தவர், ரகுநாதருக்கும் அவரே. சங்கீதமும் சாஸ்திரமும் தழைத்த தர்பார். போர்த்துகீசியரையே நம்பியிருக்காமல் இன்னொரு வெள்ளைக்காரனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே போட்டிருக்க வேண்டும், அது என் அபிப்பிராயம். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. கடற்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமமும் சுற்றுப்புறமும், வருஷத்துக்கு 3,111 ரூபாய் வரிசை. கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி. டேனிஷ் கோட்டை என்று பொருள்படும் டான்ஸ்போர்க் அப்படித்தான் எழும்பியது.

இந்தச் சமயத்தில் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தங்கத் தகட்டில் பொறித்த கடிதம். பாஷை என்ன தெரியுமா? தமிழ். தெலுங்கு பேசும் ராஜா, டேனிஷ் பேசும் ராஜாவுக்கு, தமிழில் எழுதினார். நானூறு வருஷங்கள் கழித்தும் அந்தத் தங்க ஓலை கோபன்ஹேகனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நான் நேரில் பார்க்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன். கண் கூசாமல் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கிராமத்து வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிக் கட்டுகள் இருந்தன. தாத்தாவின் தாத்தா எழுதியது என்பார்கள். கிரந்தமா, தமிழா, வைத்தியமா, ஜோஸ்யமா, எதுவும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. ஒரு ஆடிப்பெருக்கில் மஞ்சள் குங்குமம் வைத்துக் காவிரியில் விட்டார்கள். நான் சின்னப் பையன், ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனவனே நான்தான். பக்தியோடுதான் செய்தோம். அங்கே, அந்தக் குளிர் ஊரில், அரச நூலகத்திலும் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. இங்கிருந்து போனவைதான்.

அவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றினார்கள், நாம் எல்லாவற்றையும் தொலைத்தோம் என்று நான் கட்சி பேச வரவில்லை. கோபன்ஹேகனும் 1728-ல் பற்றி எரிந்திருக்கிறது, பல்கலைக்கழகத்துப் புத்தகங்கள் சாம்பலாகியிருக்கின்றன. அதோடு, இங்கே வந்த கம்பெனிக்காரர்கள் புண்ணியாத்மாக்களும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாக மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். துணியும் மிளகும் போன அதே துறையிலிருந்துதான் அவர்களும் போனார்கள்.

இன்னொருவர் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி நொடித்துப்போய் 1650-ல் கலைக்கப்பட்டுவிட்டது. ஊரில் யுத்தம், பணம் இல்லை. 1643-ல் வந்த கப்பலுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கால் நூற்றாண்டுக்குக் கப்பலே வரவில்லை. ஒன்றை நினைத்துப் பாருங்கள், சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, மாற்று ஆள் இல்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655-ல் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள் தலைமையை ஏற்றார். பிரபு வம்சம் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுகூடச் சொல்கிறார்கள். வரிசைப் பணம் கட்டாததால் நாயக்கரின் படை வந்து முற்றுகை போடும், இவர் சமாளிப்பார். வங்காளக் கடலில் போகும் கப்பல்களைப் பிடித்து வருவார், அது கொள்ளைதான், வேறு பெயரில்லை. அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுது பார்த்து, ஊரைச் சுற்றி மதிலும் கட்டினார். மற்ற தேசத்துக் கப்பல்கள் மூலம் "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று ஊருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1669-ல் ஒரு கப்பல் வந்தது. அவரைத் தலைவராக உறுதி செய்யும் உத்தரவும் அதில் வந்தது. ஆபீஸில் 'ஆக்டிங்' ஆகவே பதினான்கு வருஷம் இருந்து பிறகு கன்பர்மேஷன் ஆர்டர் வாங்கியவர்கள் நம்மில் யாராவது இருந்தால் அந்த மனிதரின் சந்தோஷம் புரியும்.

தரங்கம்பாடி என்றால் புத்தகம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும் பெயர் சீகன்பால்க். ஜெர்மன்காரர், டென்மார்க் ராஜா அனுப்பி 1706 ஜூலையில் வந்து இறங்கினார். மதம் மாற்ற வந்தவரைப் பற்றி நம் சபையில் ஏன் பேச்சு என்று முன்வரிசையில் ஒரு மாமா நினைப்பது எனக்குக் கேட்கிறது. பேசத்தான் வேண்டும். 23 வயதில் வந்த அந்த மனிதர், ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, சின்னக் குழந்தைகளோடு குழந்தையாக மணலில் விரலை வைத்து அகரம் எழுதினார். அழகப்பன் என்ற துபாஷி அவருக்குப் பேச்சுத் தமிழ் கற்றுக்கொடுத்தார். இரண்டே வருஷத்தில், 1708-க்குள், கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். நம் வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இன்று கொன்றைவேந்தன் பாதியாவது தெரியும்?

அதே 1708-ல் அவருக்கும் டேனிஷ் கவர்னருக்கும் தகராறு முற்றி, சொந்த ராஜாவின் கோட்டையிலேயே நாலு மாதம் சிறையில் இருந்தார். கோட்டைக்குள் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். வெளியே வந்தபின் அச்சு இயந்திரம் வரவழைத்தார், ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை பெரியதாக இருந்து காகிதத்தைச் சாப்பிட்டதால், இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் பொறையாறு பக்கத்தில் ஒரு பட்டறை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். சின்ன வயதில் பாட்டி வாயால் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன், ஏதோ தபாலாபீஸ் சமாசாரம் என்று நினைத்தேன்.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். நம் தெய்வங்களைப் பற்றி, சிவன், விஷ்ணு, கிராம தேவதைகள், ஒவ்வொன்றின் வரலாறு, பூஜை, பண்டிகை என்று 1713-ல் அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். இங்குள்ளவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பிராம்மணர்கள் உட்படப் பலர் எழுதிய பதில்களைத் தொகுத்தார். ஜெர்மன் மொழியில் அச்சான அந்தக் கடிதங்கள் 99. விதவைகள் நிலை, ஜாதி, கோயில், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய சாதாரணத் தமிழர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. தெய்வங்களைப் பற்றிய நூலை அவர் ஊருக்கு அனுப்பியபோது அங்குள்ள பெரியவர் பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை அங்கே ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்ற கருத்தில் சொல்லிவிட்டார். எழுதியவர் 1719-ல், 36 வயதில், இங்கேயே காலமானார். நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். ஒழிக்க வந்தவருக்கே படிக்கப் படிக்க மரியாதை வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் ராஜா வீதியில் இருக்கிறது, 1718-ல் பிரதிஷ்டையானது. அவர் சமாதியும் உள்ளேதான்.

மாமிகளுக்கு ஒரு செய்தி. 1768-ல் கோனிக் என்று ஒரு வைத்தியர் இந்தத் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். தாவர சாஸ்திரத்தில் மேதையான லின்னேயஸின் மாணவர். இங்குள்ள செடி கொடிகளைச் சேகரித்துக் குருவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் குரு 1771-ல் நம் கறிவேப்பிலைக்குச் சாஸ்திரப் பெயர் வைத்தபோது சிஷ்யனின் பெயரைச் சேர்த்துவிட்டார். இன்றும் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று முடியும். கோபன்ஹேகனில் ஒரு இந்தியக் கடையில் வாடின கறிவேப்பிலை பத்து ஈர்க்குக்கு என் பெண் கொடுத்த விலையை இங்கே சொன்னால் ரசத்துக்குத் தாளிக்கவே மனசு வராது.

பெங்களூர்க்காரர்களுக்கும் ஒரு செய்தி. ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம் நடந்தபோது, டென்மார்க்கின் கடற்படை பிரான்ஸ் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், 1807 செப்டம்பரில் பிரிட்டிஷார் கோபன்ஹேகனையே குண்டு போட்டு எரித்தார்கள். ஊரின் பிரதான தேவாலயத்தின் கோபுரம் எரிந்து சாய்ந்தது. அதில் காங்கிரீவ் ராக்கெட் என்ற புது ஆயுதத்தையும் உபயோகித்தார்கள். அந்த ராக்கெட் எங்கிருந்து கற்றது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது கைப்பற்றிய மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்து. நம் பேட்டைப் பக்கம் தாராமண்டல்பேட்டை என்று ஒரு இடம் உண்டே, ராக்கெட் செய்த இடம் என்று பழையவர்கள் சொல்வது அதைத்தான். இங்கே பிறந்த வித்தை அங்கே போய் ஊரை எரித்தது. அதன் எதிரொலி மறுபடி இங்கே வந்தது, 1808-ல் பிரிட்டிஷார் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டு 1815-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வியாபாரம் எழுந்திருக்கவே இல்லை. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

விற்ற பிறகு கொஞ்ச காலம் ஜில்லா கலெக்டர் கச்சேரியே அங்கே இருந்தது. அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இந்தத் துறைமுகத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் விட்டார்கள், அதையும் 1986-ல் நிறுத்திவிட்டார்கள். ஊர் தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் பிழைத்தது. பணம் வந்த ஊரில் பழைய வீட்டை யார் வைத்திருக்கிறார்கள்? இடித்து அடுக்குமாடி கட்டிவிடுகிறோம், இந்த அல்சூர் பக்கம் நாமே செய்ததுதானே!

2023-ல் எனக்கு எழுபது. பீமரத சாந்திக்கு மறுபடியும் திருக்கடையூர். இந்தத் தடவை சாப்பாடு முடிந்ததும் வேனை நேரே தரங்கம்பாடிக்கு விடச் சொன்னேன். "வெயில்ல எங்கே?" என்று என் மச்சினர் முணுமுணுத்தார். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசல் கதவு இருக்கிறது. 1792-ல் கட்டிய வெள்ளை வளைவு, மேலே டென்மார்க் ராஜாவின் முத்திரை. அதன் வழியாக உள்ளே நுழைந்தால் நேர்த் தெரு ராஜா வீதி. சத்தமே இல்லை. இடது பக்கமும் வலது பக்கமும் தூண் வைத்த வீடுகள், 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம், பிறகு கவர்னர் மாளிகை. நேரே போனால் கடல். வலது பக்கம் கோட்டை. எழுபதுகள் வரை அதைப் பயணியர் விடுதியாக வைத்திருந்தார்கள், பிறகு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. டென்மார்க்கிலிருந்து ஒரு சங்கத்தார் வந்து பழுது பார்ப்பதிலும் கூட நின்றிருக்கிறார்கள். உள்ளே அருங்காட்சியகத்தில் பழைய பீங்கான், சாசனப் படிகள், காசுகள். மஞ்சள் கலந்த அந்தச் சுவரின் நிறத்தையும், கடலைப் பார்த்த தாழ்வாரத்தையும் பார்த்தபோது எனக்குக் கோபன்ஹேகனின் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதி கண் முன்னே வந்தது. அங்கே ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடங்கள் கால்வாயோரம் நிற்கின்றன. அந்த இடத்துக்கு இன்றும் ஆசியச் சதுக்கம் என்றே பெயர், டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சகம் அங்கேதான் இருக்கிறது. பண்டம் புறப்பட்ட கரையை இங்கே பார்த்தேன், வந்து சேர்ந்த கரையை அங்கே பார்த்திருந்தேன்.

பிறகு கோட்டையிலிருந்து வடக்கே நடந்தோம். கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் கட்டியது. டேனிஷ்காரன் வருவதற்கு முன்னூறு வருஷம் முந்தியது. சடங்கன்பாடி என்று ஊரின் பழைய பெயர் கல்வெட்டில் இருப்பது அங்கேதான். கோபுரமும் முன் மண்டபமும் எப்போதோ கடலுக்குள் போய்விட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், தரங்கம்பாடி மீனவத் தெருக்களில் அழாத வீடில்லை. அதற்குப் பிறகு கரையில் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். கோயிலுக்கும் திருப்பணி நடந்து, புது வர்ணத்தோடு நிற்கிறது.

பாட்டி பிரதட்சிணம் செய்ததாகச் சொன்ன பிராகாரம் எது என்று அங்கிருந்த ஒரு வயதான மீனவரைக் கேட்டேன். அவர் பேசவில்லை, கடலைக் கையால் காட்டினார். அலைகள் உடையும் இடத்துக்கும் அப்பால்.

டேனிஷ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வாசல் கதவைப் படமெடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன், அவள் கீழே போய்க் காட்டினாள். அவர் கோயில் படத்தையும் கேட்டாராம். கோட்டையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கோயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றாராம். அனுப்பி வைத்தேன்.

அடுத்த வருஷம், 2024 ஏப்ரல் 16 அன்று, பெண் காலையிலேயே போன் செய்தாள். கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் எரிகிறது என்றாள். அதுவும் கிறிஸ்டியன் ராஜா கட்டியதுதான். அவர் கியெத்தேயைக் கிழக்கே அனுப்பிய அதே வருஷங்களில், கிழக்கத்திச் சரக்குகளை விற்கவென்று ஆரம்பித்த கட்டடம். நாலு டிராகன்கள் வாலை முறுக்கிக்கொண்டு ஊசிக்கோபுரமாக நிற்கும், நாங்கள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த டிராகன்கள் கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நானூறு வருஷம் காத்தன. அன்று சாய்ந்துவிட்டன. தெருவில் போனவர்கள்கூட உள்ளே ஓடிப் பழைய சித்திரங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று டிவியில் காட்டினார்கள். கீழ் வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாராம். என் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம்.

காபி வந்துவிட்டது என்று உள்ளே இருந்து ஜாடை காட்டுகிறார்கள். போகிறவர்களுக்கு வழி சொல்லி முடித்துவிடுகிறேன். மயிலாடுதுறையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ் நிறைய இருக்கிறது. திருக்கடையூரில் ஹோமம் வைத்திருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் போதும், கோட்டைக்கு விடுமுறை நாள் என்றைக்கு என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலை மறக்காதீர்கள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு இருக்கிறாற்போலப் போனால் சுவாமியையும் பார்க்கலாம், கடலையும் பார்க்கலாம். பரணில் ஓலைக் கட்டு இருப்பவர்கள் காபி குடிக்கும்போது என்னிடம் வந்து சொல்லுங்கள்.